விருந்தும் மருந்தும்

வணக்கம் நேயர்களே. ரிடையர் ஆனப்புறம் வெளிநாட்ல போய் இருக்கிறத பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. நான் மேத்ஸ் வாத்தியார், தாய்லாந்துல பட்டாயாவ ஒட்டி ஜோம்தியன்னு ஒரு கடலோர ஏரியா, அங்க பதினோரு வருஷம் இருந்துட்டு வந்தவன். எங்க மாடில மட்டும் ரெண்டு ஜெர்மன்காரங்க, ஒரு இங்கிலாந்துக்காரர், ஒரு நார்வே ஜோடி, எல்லாருமே பென்ஷன்காரங்க. வாத்தியார்னா ஃபார்ம் நிரப்ப தெரியும்னு ஒரு நம்பிக்கை போல, எந்த பேப்பர் வந்தாலும் நம்ம கதவு தான் தட்டுவாங்க, அதனால அவங்க கதை எனக்கு கொஞ்சம் தெரியும்.

முதல்ல ஒரு வார்த்தை சொல்லிடறேன். தாய்லாந்துல வெள்ளைக்காரங்கள 'ஃபராங்'னு சொல்வாங்க. நம்ம பரங்கிமலைல இருக்கிற அதே பரங்கி தான், வேர் ஒண்ணு. நம்ம ஆளுங்க பூசணிக்கு பரங்கிக்காய்னு பேர் வச்ச மாதிரி அவங்க கொய்யாப்பழத்துக்கு ஃபராங்னு வச்சிட்டாங்க. சரி நம்மள என்ன சொல்வாங்கன்னா, 'கேக்'. பர்த்டே கேக் இல்ல, அதுக்கு அர்த்தம் விருந்தாளி. ஆனா இமிகிரேஷன் ஆபீஸ் வரிசைல போய் நின்னா தெரியும், நானும் விருந்தாளி, அந்த பரங்கியும் விருந்தாளி தான்.

எதுக்கு வர்றாங்க? ஐரோப்பால குளிர், ஹீட்டிங் பில், நவம்பர்ல மத்தியானம் நாலு மணிக்கே இருட்டு. எதிர் வீட்ல இருந்தவர் ஜெர்மனில டார்ட்முண்ட்ங்கிற ஊர்ல பஸ் ஓட்டினவர், பேர் வேண்டாம். 2008ல 61 வயசுல வந்தாரு. அப்போ ஒரு யூரோவுக்கு கிட்டத்தட்ட 50 பாட், பாட்னா தாய்லாந்து காசு, அவர் பென்ஷன் 1,200 யூரோ, கைக்கு 60,000 பாட் வந்துச்சு, ராஜா மாதிரி இருந்தாராம். கடந்த பத்து வருஷமா யூரோ பெரும்பாலும் 40 பாட்டுக்கு கீழ தான் கிடக்கு. அதே 1,200 யூரோ இப்போ 48,000 கூட வராது. அவர் ஒரு பைசா கூட செலவ ஏத்தல, வருமானம் தானா தேஞ்சு போச்சு.

எங்க மாடி இங்கிலாந்துக்காரர் நிலைமை இன்னும் மோசம். பிரிட்டன் அரசாங்க பென்ஷன் அங்கயே இருக்கிறவங்களுக்கு வருஷா வருஷம் ஏறும், தாய்லாந்துக்கு குடி போயிட்டா ஏறாது, முதல்ல என்ன தொகையோ அதே தான் கடைசி வரைக்கும். இதுல காமெடி என்னன்னா பிலிப்பைன்ஸ்ல போய் இருந்தா ஏறும், ஏன்னா அந்த நாட்டோட பழைய ஒப்பந்தம் இருக்கு, தாய்லாந்தோட இல்ல. அவர் இத எங்கிட்ட வாரம் ஒரு தடவையாவது சொல்லிடுவாரு, சொல்லி முடிச்சிட்டு ஒரு பீர் ஓப்பன் பண்ணுவாரு.

இப்போ விசாவுக்கு வருவோம், அங்க தான் மேட்டரே இருக்கு. எல்லாரும் 'ரிடையர்மென்ட் விசா'ன்னு சொல்றாங்க, பேர கேட்டா ஏதோ நிரந்தரமா குடியேறிட்ட மாதிரி இருக்கும். உண்மைல அது ஒரு வருஷ நீட்டிப்பு, அவ்வளவு தான். 50 வயசு ஆகியிருக்கணும், தாய்லாந்து பேங்க்ல 8 லட்சம் பாட் போட்டு காட்டணும், இல்லன்னா மாசம் 65,000 பாட் வருமானம் காட்டணும். ஃபீஸ் 1,900 பாட். அடுத்த வருஷம் மறுபடி முதல்ல இருந்து. பதினஞ்சு வருஷம் இருந்தவருக்கும் அதே தான், நேத்து வந்தவருக்கும் அதே தான். இது போக 90 நாளுக்கு ஒரு தடவ நான் இன்னும் இந்த அட்ரஸ்ல தான் இருக்கேன்னு ரிப்போர்ட் பண்ணணும், வேலைக்கு போன எனக்கும் அந்த ரூல் உண்டு. ஜெர்மனிலருந்து வேற வருஷத்துக்கு ஒரு லைஃப் சர்டிஃபிகேட் பேப்பர் வரும், நம்ம ஊர் பென்ஷன்காரங்க குடுக்கிற மாதிரியே. அதாவது வருஷத்துல நாலு தடவ தாய்லாந்துக்கு 'இங்க தான் இருக்கேன்', ஒரு தடவ ஜெர்மனிக்கு 'உயிரோட தான் இருக்கேன்'.

அந்த நீட்டிப்பு நாள் காலைல டார்ட்முண்ட்காரர் ரெடியாகுற அழக பாக்கணும். பேன்ட், அயர்ன் பண்ண சட்டை, ஷூ, மத்த 364 நாளும் அரை டிராயர் தான். கைல ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர். முதல்ல பேங்க்குக்கு போய் 100 பாட் போடுவோம், எதுக்குன்னா பாஸ்புக்ல இன்னைக்கு தேதி விழணும், நேத்து தேதின்னா வாங்க மாட்டாங்க. அந்த பாஸ்புக்ல நம்ம 2023ஐ 2566னு அடிச்சிருக்கும், தாய்லாந்துல புத்தர் கணக்கு. அப்புறம் பேங்க் லெட்டர், இமிகிரேஷன் ஆபீஸ் பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடை, ஒவ்வொரு காப்பிலயும் நீல இங்க்ல கையெழுத்து. ஒரு வருஷம் வீட்டுக்கு வழி காட்ற மேப் கேட்டுட்டாங்க. 70 வயசுக்கு மேல ஒரு மனுஷன் ஜெராக்ஸ் கடை ஸ்டூல்ல உக்காந்து, நாக்க லேசா கடிச்சிக்கிட்டு, செவன் இலவன் கடை, கோயில், நாய் படுத்திருக்கிற முனைன்னு ஸ்கூல் பையன் மாதிரி வரைஞ்சாரு. நாய் எல்லாம் வேண்டாம் சார்னேன், இல்ல டீச்சர் அது எப்பவும் அங்க தான் இருக்கும்னாரு.

சரி வீடு வாங்கிடலாமேன்னு கேப்பீங்க. நிலம் வெளிநாட்டுக்காரர் பேர்ல வாங்க முடியாது. காண்டோ, அதாவது அடுக்குமாடி ஃப்ளாட், வாங்கலாம், ஆனா பில்டிங்ல மொத்த பரப்புல 49 சதவீதம் தான் வெளிநாட்டுக்காரங்க கைல இருக்கலாம். வடகிழக்குல ஈசான்னு சொல்ற பக்கம், உடோன் தானி மாதிரி ஊர்கள்ல, தாய் பொண்ண கட்டிக்கிட்டு நெல் வயல் நடுவுல பெரிய வீடு கட்டியிருக்கிற ஐரோப்பாக்காரங்க நிறைய, கட்டின காசு இவருது, நிலம் பொண்டாட்டி பேர்ல. நல்லா இருக்கிற குடும்பமும் நான் பாத்திருக்கேன், பெட்டியோட ஜோம்தியனுக்கு திரும்பி வந்தவங்களையும் பாத்திருக்கேன். டாக்ஸும் ஒண்ணு வந்திருக்கு, 2024 ஜனவரில இருந்து, வருஷத்துல 180 நாளோ அதுக்கு மேலயோ இருக்கிறவங்க வெளிநாட்டு வருமானத்த உள்ள கொண்டு வந்தா அது கணக்குல வரும். அத வச்சு எங்க லிஃப்ட்ல நடந்த சண்டைய சொன்னா இன்னைக்கு நேரம் பத்தாது.

விருந்தும் மருந்தும் மூணு நாள்னு நம்ம வீட்ல சொல்வாங்கல்ல. விருந்துக்கு தாய்லாந்து ஒரு வருஷம் குடுக்குது, வருஷா வருஷம் குடுக்குது, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. மருந்து தான் பிரச்சனை. ஜெர்மனி அரசாங்க ஹெல்த் இன்சூரன்ஸ் தாய்லாந்துல செல்லாது. தனியா இன்சூரன்ஸ் எடுக்கலாம், ஆனா எழுபது தாண்டிட்டா புதுசா சேத்துக்கிற கம்பெனி ரொம்ப கம்மி, பிரீமியமும் மலை மாதிரி ஏறும். எல்லாரும் 60 வயசு உடம்ப வச்சு கணக்கு போட்டுட்டு வர்றாங்க, பீச்சு, சைக்கிள், நைட் மார்க்கெட்டு. 80 வயசு கணக்கு யாரும் போடல.

போட்டவங்களும் இருக்காங்க, அதையும் சொல்லணும். சியாங் மாய்ல பான் கம்லாங்சாய்னு ஒரு இடம், ஒரு சுவிஸ்காரர் தன் அம்மாவுக்கு அல்சைமர் வந்ததும் அங்க கூட்டிட்டு வந்து பாத்துக்கிட்டாரு, அப்படி ஆரம்பிச்சது. சாதாரண தெருவுல சாதாரண வீடுங்க தான், நினைவு போன சுவிஸ், ஜெர்மன் பெரியவங்களுக்கு பகலும் ராத்திரியும் ஷிஃப்ட் போட்டு தாய் பொண்ணுங்க கூடவே இருக்காங்க. அங்க ஒரு ஆளுக்கு கிடைக்கிற கவனம் சுவிஸ்ல கிடைக்கணும்னா சொத்த தான் விக்கணும். பெத்தவங்கள இவ்வளவு தூரத்துல விடுறதான்னு ஐரோப்பால திட்டவும் செய்றாங்க. எனக்கு திட்ட தோணல, எங்க அம்மாவ கடைசி வருஷங்கள்ல தங்கச்சி தான் பாத்தா, நான் பணம் அனுப்பிக்கிட்டு இருந்தேன், நான் எந்த வாயால பேச.

டார்ட்முண்ட்காரர் 2024 ஜனவரில பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாரு. இடுப்பு எலும்பு. ஆம்புலன்ஸ் கொண்டு போய் விட்டது ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில, அங்க டெபாசிட் கட்டினா தான் ஆபரேஷன். கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில ரேட் கம்மி, ஆனா கூட ஆள் இருந்து பாத்துக்கணும், அவருக்கு யாரு இருக்கா, கீழ சோம்தாம், அதாவது பப்பாளிக்காய் சாலட், வண்டி வச்சிருந்த அக்கா தான் 'லுங், லுங்'னு சாப்பாடு கொண்டு வந்துச்சு, லுங்னா பெரியப்பா மாதிரி. பில்லு 5 லட்சம் பாட் தாண்டிடுச்சு. அவர் கைல இருந்த காசே விசாவுக்காக பேங்க்ல தூங்கிட்டு இருந்த அந்த 8 லட்சம் தான். ரூல் என்னன்னா நீட்டிப்பு கிடைச்சு மூணு மாசம் அத தொடக்கூடாது, அதுக்கப்புறமும் 4 லட்சத்துக்கு கீழ எப்பவும் போகக்கூடாது, அடுத்த நீட்டிப்புக்கு ரெண்டு மாசம் முன்னாடி திரும்ப 8 லட்சம் ஆகியிருக்கணும். ஆபத்துக்கு வச்சிருந்த காசு, ஆபத்துக்கு எடுத்தா ஊர விட்டு போகணும். பாதிய எடுத்தாரு, மீதிய பொண்ணு ஜெர்மனிலருந்து அனுப்புச்சு. திரும்ப நிரப்ப வழி இல்ல. பொண்ணே டிக்கெட்டும் போட்டுடுச்சு.

கிளம்புறதுக்கு முந்தின நாள் அவர் 'டீச்சர், ஒரு உதவி'ன்னாரு, இமிகிரேஷன் ஆபீஸ் போகணுமாம். ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்க. அது இல்லாம நாட்ட விட்டு போனா அந்த வருஷ நீட்டிப்பு அப்பவே செத்துடும், ஃபீஸ் 1,000 பாட். நான் ஒண்ணும் சொல்லல. வீல்சேர தள்ளிக்கிட்டு போனோம், அதே அயர்ன் சட்டை, அதே ஃபோல்டர், முனைல அந்த நாய் படுத்திருந்துச்சு. கவுன்டர்ல இருந்த பொண்ணு காசு வாங்கிட்டு ஸ்டாம்ப் அடிச்சு, செல்லுபடி ஆகுற தேதிய பேனாவால தொட்டு காட்டுச்சு, நவம்பர் 9. அவர் கண்ணாடிய போட்டு ரெண்டு தடவ படிச்சிட்டு, சரியா இருக்குன்னு சொல்லி பாஸ்போர்ட்ட ஃபோல்டருக்குள்ள வச்சாரு.