பாதாம் பிசின் ஊறுகிறது, பைன் பிசின் ஏன் ஊறவில்லை? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். பெருங்காயம் பற்றிப் பேசிய பிறகு வந்த கேள்விகளில் ஒன்று நாலு நாளாக என்னை விடவில்லை. திண்டுக்கல்லிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். குடும்பத்தோடு கொடைக்கானல் பைன் காட்டுக்குப் போயிருக்கிறார். ஒரு மரத்தில் பட்டை உரிந்த இடத்தில் தேன் நிறத்தில் பிசின் கட்டி நின்றிருக்கிறது. நெல்லிக்காய் அளவுக்குச் சுரண்டி எடுத்து வந்து, பாதாம் பிசினைப் போடுவது போல ராத்திரி டம்ளரில் ஊறப்போட்டிருக்கிறார். காலையில் பார்த்தால் போட்டது போட்டபடி கிடக்கிறது.

"பாதாம் பிசின் ஒரு ஸ்பூன் போட்டால் கிண்ணம் நிறைகிறது, இது ஏன் ஊறவே இல்லை? இதுவும் குளிர்ச்சிதானா? மூட்டுவலிக்கு நல்லது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், சாப்பிடலாமா? டம்ளரில் ஒட்டிக்கொண்டது வேறு போகமாட்டேன் என்கிறது." இவ்வளவுதான் கேள்வி.

அம்மா, சாப்பிடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம். ஆனால் நீங்கள் ஊறப்போட்டுப் பார்த்தீர்களே, அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வருஷம் வேதியியல் நடத்தினேன். பிசின் எதுவானாலும் முதலில் தண்ணீரில் போட்டுப் பாருங்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளைகூட வீட்டில் போய்ச் செய்ததாக வந்து சொன்னதில்லை.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு அடுத்து நான் என்ன சொல்வேன் என்று தெரியும். சாம்பிராணியிலும் சொன்னேன், பெருங்காயத்திலும் சொன்னேன். பிசின் என்கிற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு சரக்கைப் போட்டு வைத்திருக்கிறோம். ஒன்று தண்ணீரைக் கண்டால் குடிக்கும், இன்னொன்று தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். பாதாம் பிசின், கருவேலம் பிசின் எல்லாம் முதல் ரகம். அவை சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீளமான சங்கிலிகள். சங்கிலி முழுக்கத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன, அதனால்தான் அப்படி உப்பிக்கொண்டு வருகிறது. பைன் மரத்திலிருந்து வருவது இரண்டாவது ரகம். குங்கிலியம் இதற்கு உறவுக்காரன் மாதிரி. நம் பெரியவர்கள் இதற்கெல்லாம் தனிப்பெயர் வைத்திருந்தார்கள், நாம்தான் எல்லாவற்றையும் பிசின் ஆக்கிவிட்டோம். வாயில் போடுவது பிசின், தணலில் போடுவது குங்கிலியம் என்று நான் வகுப்பில் சொல்வேன். முழுக்கச் சரியில்லை, பெருங்காயம் இரண்டும் கலந்தது. அதைத் தண்ணீரில் கரைத்தால் பால் மாதிரி ஆவது அதனால்தான், போன தடவை பார்த்தோம். ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள நல்ல கணக்கு.

சரி, பைன் பிசினில் என்னதான் இருக்கிறது? மரத்திலிருந்து வரும்போது தேன் மாதிரி வழியும். அதைச் சேகரித்து வாலையில் காய்ச்சினால் இரண்டாகப் பிரியும். ஆவியாகிப் போய்க் குளிர்ந்து இறங்குவது டர்பன்டைன், பெயின்டர்கள் வைத்திருப்பார்களே, அது. அடியில் தங்கி, ஆறியதும் கண்ணாடி போல உடைவது ரோசின். எடையில் பெரும்பங்கு ரோசின்தான்.

இப்போது மல்லிகை மொட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஐசோப்ரீன் என்று 5 கார்பன் கொண்ட ஒரு மொட்டு. இரண்டு மொட்டைச் சேர்த்துத் தொடுத்தால் 10 கார்பன், அதுதான் டர்பன்டைனில் இருக்கும் பைனீன். லேசானது, பறந்துவிடும், அதனால் மணக்கிறது. நாலு மொட்டு சேர்ந்தால் 20 கார்பன், அதுதான் ரோசினில் இருக்கும் அபியட்டிக் அமிலம். கனமானது, பறக்காது, ஒட்டும். அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம், மூலக்கூறின் ஒரு மூலையில் மட்டும்தான் அந்த அமிலக் கொக்கி. மீதி உடம்பு முழுக்க எண்ணெய் குணம். அதனால்தான் உங்கள் டம்ளரில் ராத்திரி முழுக்கக் கிடந்தும் நனையக்கூட இல்லை.

மரம் ஏன் இரண்டையும் சேர்த்துச் செய்கிறது என்பதுதான் அழகு. வண்டு பட்டையைத் துளைத்தால் அந்த இடத்துக்கு ரோசின் போயாக வேண்டும். கட்டியாக இருப்பது எப்படிப் போகும்? டர்பன்டைனில் கரைந்து ஓடி வருகிறது. காயத்துக்கு வந்து காற்றுப் பட்டதும் டர்பன்டைன் பறந்துவிடும், ரோசின் இறுகி ஓட்டையை அடைக்கும். வண்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். பெயின்ட் வேலையும் இதேதான், மரம் செய்வதை டப்பாவில் அடைத்து விற்கிறோம்.

எனக்கு ஒரு குறை உண்டு. பைன் பிசினுக்கும் சென்னைக்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. கேட்காவிட்டால் என்ன, சொல்லிவிடுகிறேன். சென்னை மாநிலக் கல்லூரியில் 1910களில் சைமன்சன் என்று ஒரு வேதியியல் பேராசிரியர் இருந்தார். இந்திய அறிவியல் மாநாட்டை ஆரம்பித்த இரண்டு பேரில் ஒருவர், முதல் மாநாடு 1914இல் கல்கத்தாவில் நடந்தது. பிறகு டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார். அங்கே இமயமலை அடிவாரத்துச் சிர் பைன் மரத்து டர்பன்டைனை எடுத்து ஆராய்ந்தார். குமாவுன் பக்கம் அந்தப் பிசினை லீசா என்பார்கள். 1920இல் அதிலிருந்து மூன்று மொட்டு கொண்ட, 15 கார்பன் உள்ள ஒரு பொருளைப் பிரித்தார். பெயர் லாங்கிஃபோலின், மரத்தின் அந்நாளைய தாவரப் பெயரான பைனஸ் லாங்கிஃபோலியாவிலிருந்து வந்தது. அந்த மொட்டுகள் எப்படி முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கின்றன என்று தெளிவாக 1953 ஆகிவிட்டது, எக்ஸ்ரே படிகச் சோதனைதான் சொன்னது. ஆய்வுக்கூடத்தில் அதையே செய்து காட்ட 1961இல் அமெரிக்க வேதியியலாளர் கோரி வரவேண்டியிருந்தது. பின்னாளில் நோபல் வாங்கினாரே, அவர்தான். நம் மலையில் வழியும் பிசினுக்குள் அவ்வளவு சிக்கலான முடிச்சு.

மருந்துக்கு வருகிறேன். கேள்வி அதுதானே.

என் தாத்தா வீட்டில் ஒரு சிவலைப் பசு. கொம்படியில் புண்ணாகிப் புழு வைத்துவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து, பஞ்சை டர்பன்டைனில் நனைத்துப் புண்ணில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் புழுக்கள் மேலே வர ஆரம்பித்தன, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். எனக்கு அப்போது பத்து வயசு இருக்கும், அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மனிதர்களுக்கு மூக்கிலோ காதிலோ புழு வைத்தாலும் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தியதுண்டு. தாத்தா அதை டர்பன்டைன் என்று சொல்லமாட்டார், கற்பூரத் தைலம் என்பார். கற்பூரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது புரியவில்லை. இன்றைக்குக் கோயிலில் ஏற்றும் சூடத்தில் பெரும்பகுதி இந்த டர்பன்டைனிலிருந்துதான் வருகிறது. பைனீனை முதலில் கேம்பீனாக மாற்றி, இன்னும் இரண்டு மூன்று படி தாண்டினால் கற்பூரம். காஞ்சிபுரம் பக்கத்திலேயே அதற்குத் தொழிற்சாலை இருக்கிறது. தாத்தா தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, பெயர் சரியாகப் பொருந்திவிட்டது.

சளிக்குத் தேய்க்கும் விக்ஸில் டர்பன்டைன் எண்ணெய் இருக்கிறது, டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். டர்பன்டைனிலிருந்து செய்த டெர்பின் ஹைட்ரேட் பல காலம் இருமல் மருந்தாக ஓடியது. டெட்டாலைத் தண்ணீரில் விட்டால் வெள்ளையாகிறதே, அதில் பைன் எண்ணெய்க்கும் பங்கு உண்டு. பெருங்காயக் கதையேதான், தண்ணீரைக் கண்டு ஒதுங்கியது சின்னச் சின்னத் துளியாக நிற்கிறது.

ரோசின் பக்கம் பல் மருத்துவர்களிடம் போகும். பல்லில் பூசும் ஃப்ளூரைடு வார்னிஷில் ரோசின்தான் பசை. எச்சில் ஊறும் வாயில், எச்சிலில் கரையாத பொருள் வேண்டாமா? வேர் சிகிச்சையில் ஓட்டையை அடைக்கும் சில கலவைகளிலும் சேர்க்கிறார்கள். மரம் பட்டையில் செய்கிற அதே வேலை. பழைய ஒட்டுப் பிளாஸ்டர்களின் பசையிலும் ரோசின் இருந்தது. எனக்கு ஒரு தடவை முதுகில் கட்டி அறுத்து பிளாஸ்டர் போட்டு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் பிரித்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி சதுரமாகச் சிவந்திருக்கிறது, அரிப்பு தாங்கவில்லை. காரணம் ரோசினில் இருக்கும் அபியட்டிக் அமிலம். அது அப்படியே இருக்கும்போது அல்ல, காற்றோடு சேர்ந்து ஆக்சிஜன் ஏறிய பிறகு. அப்போதுதான் தோலுக்கு ஆகாமல் போகிறது. ஒவ்வாமைச் சோதனையில் தோலில் ஒட்டிப் பார்க்கும் வழக்கமான பொருள்களில் ரோசினும் ஒன்று. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் பற்றவைக்கும்போது புகையுமே, அதுவும் ரோசின்தான். வருஷக்கணக்கில் அந்தப் புகையை இழுத்தவர்களுக்கு ஆஸ்துமா வருவதுண்டு.

புண்ணுக்கு நல்லதா என்றால், அதற்கு ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கிறது, ஆனால் பைனில் இல்லை, அதன் ஒன்றுவிட்ட சகோதரனான ஸ்புரூஸ் மரத்தில். ஃபின்லாந்தில் லாப்லாந்துக்காரர்கள் அந்தப் பிசினைக் கொழுப்போடு காய்ச்சிப் புண்ணுக்குப் போடுவார்கள். அங்கே மருத்துவர்கள் படுக்கைப் புண் வந்த நோயாளிகளுக்கு அதைப் போட்டுப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். கடைசி வரை இருந்தவர்களில், களிம்பு போட்ட 13 பேரில் 12 பேருக்குப் புண் முழுக்க ஆறியது. வழக்கமான சிகிச்சை பெற்ற 9 பேரில் 4 பேருக்கு ஆறியது. சின்னக் கணக்கு, ஆனால் ஒதுக்கித்தள்ள முடியாதது. அது பதப்படுத்திய களிம்பு என்பதையும் கவனியுங்கள், மரத்திலிருந்து சுரண்டியது அல்ல.

உள்ளுக்குச் சாப்பிடுவதற்கு வருகிறேன். உங்கள் கட்டியில் இன்னும் டர்பன்டைன் இருக்கும். அது வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புரையேறி நுரையீரலுக்குள் போனால் இன்னும் மோசம். சின்னக் குழந்தைக்கு ஒரு மேசைக்கரண்டியே உயிருக்கு ஆபத்து. குடித்தவர்களின் சிறுநீர் வயலட் பூ மாதிரி மணக்கும் என்று நச்சியல் பாடத்தில் வரும். மணம் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பொருள் நல்லதாகிவிடாது.

ரோசினை உள்ளுக்குக் கொடுக்கவே முடியாதா என்றால், முடியும், மாற்றிக் கொடுக்கலாம். ஜப்பானில் வயிற்றுப் புண்ணுக்கு எக்காபெட் என்று ஒரு மருந்து இருக்கிறது. ரோசின் அமிலத்தின் நெருங்கிய உறவு ஒன்றில் கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த தொகுதி ஒன்றைக் கோத்திருக்கிறார்கள். அதாவது தண்ணீரை ஒதுக்கும் உடம்பில் தண்ணீரைப் பிடிக்கும் கொக்கி ஒன்றை மாட்டிவிட்டார்கள். ரோசினைக் கிளிசரினோடு சேர்த்துச் செய்த பொருள் சூயிங்கத்திலும், எலுமிச்சை ஆரஞ்சு வாசனைக் குளிர்பானங்கள் சிலவற்றிலும் உண்டு. வாசனை எண்ணெய் மேலே மிதந்துவிடாமல் பிடித்துவைக்க அது. புட்டியில் இ 445 என்று எண் போட்டிருந்தால் அதுதான். ஆக பைன் பிசின் உங்கள் வயிற்றுக்குள் ஏற்கெனவே போயிருக்கலாம், நீங்கள் சுரண்டியது வழியாக அல்ல. மூட்டுவலிக்கு மேலே தேய்க்கும் தைலங்களில் டர்பன்டைன் சேர்ப்பதுண்டு. தோல் சூடாகி, வலி கொஞ்ச நேரம் மறந்துபோகும். பக்கத்து வீட்டில் சொன்னது அங்கிருந்து வந்திருக்கும். குளிர்ச்சிக்குப் பாதாம் பிசினே போதும், அதுதான் தண்ணீரைத் தன்னோடு வைத்திருக்கிறது.

கடைசியாக அந்த டம்ளர். வெந்நீர், சோப்பு என்று தேய்த்துக் கையை நோகடித்துக்கொள்ளாதீர்கள், அதற்குத் தண்ணீர் ஆகாது என்று ராத்திரி முழுக்கப் பார்த்துவிட்டீர்களே. தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு விட்டுக் கால் மணி நேரம் கழித்து விரலால் தள்ளுங்கள், வழுக்கிக்கொண்டு வரும். மிச்சம் இருந்தால் ஸ்பிரிட்டோ சானிடைசரோ பஞ்சில் தொட்டுத் துடையுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம். அப்புறம் சபீனா போட்டு வழக்கம்போலத் தேய்த்துவிடலாம்.