மகளைப் பார்க்கப் போகும் அம்மாவின் விண்ணப்பம்

வணக்கம் நேயர்களே.

ஆசிரியத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, திருகோணமலை உவர்மலையில் என் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் விசா விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுத்து வருகிறேன். காசு வாங்குவதில்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபது தாண்டிய அம்மாமார். மகளுக்குப் பிள்ளைப்பேறு, பேத்திக்குச் சாமத்திய வீடு என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். கனடாவோ லண்டனோ, போய் இரண்டு மாதம் நின்றுவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான்.

போன வருடம் சாம்பல்தீவில் இருந்து ஒரு அம்மா வந்தார். பெயரை மாற்றிச் சொல்கிறேன். கொண்டுவந்த கடதாசிகளை மேசையில் பரப்பிப் பார்த்தோம். அவருடைய பிறப்புச் சான்றிதழில் யோகேஸ்வரி. மகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் யோகம்மா. வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிப் பதிந்திருக்கிறார்கள். கடவுச்சீட்டில் ஆங்கிலப் பெயர் 'வை' எழுத்தில் தொடங்குகிறது, விவாகச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் 'ஜே'. ஊரில் எல்லோருக்கும் அது ஒரே ஆள்தான். எங்கோ இருந்து கோப்பைப் பார்க்கிற அதிகாரிக்கு, இந்த மகளுக்கு இவர்தான் தாய் என்று எப்படித் தெரியும்? சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று எழுதி இணைத்தோம். மகளிடம் அழைப்புக் கடிதம் எழுதச் சொல்வதற்கு முன்னால் நான் செய்யும் முதல் வேலை இந்தப் பெயர்ச் சரிபார்ப்புத்தான். 2004 சுனாமியிலும் யுத்தத்திலும் கடதாசிகளைத் தொலைத்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்கள் பிரதேச செயலகத்தில் பிறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதிகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயணம் முடிவான பிறகு ஓடித் திரியாதீர்கள்.

சரி, அதிகாரி உண்மையில் எதைப் பார்க்கிறார்? இவர் திரும்பி வருவாரா என்பதைத்தான். நம் பிள்ளைகள் அழைப்புக் கடிதத்தில் "அம்மாவை நான் நன்றாகப் பார்த்துக்கொள்வேன்" என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பாசத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. யார் யாரை அழைக்கிறார், என்ன உறவு, எதற்காக, எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எங்கே தங்குவார், செலவு யாருடையது, இதை எழுதினால் போதும். கூடவே பிள்ளையின் சம்பளச் சீட்டும் குடியுரிமை அல்லது வதிவிட ஆதாரமும் வேண்டும். இங்கே அம்மாவின் பக்கத்தில் ஓய்வூதியக் கடிதம், தம்பலகாமத்து வயல் உறுதி, வீட்டில் இருக்கும் அப்பா, கூட இருக்கும் மற்றப் பிள்ளைகளின் விபரம். அவர் திரும்பி வருவதற்கான காரணங்கள் இவைதான். இவற்றை எழுதாமல் விட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

என் அண்ணனின் விண்ணப்பம் ஒருமுறை மறுக்கப்பட்டது. பிழை எங்களுடையது. வங்கியில் காசு காட்டவேண்டும் என்று யாரோ சொல்ல, விண்ணப்பிப்பதற்கு ஒரு கிழமைக்கு முன் கைமாற்று வாங்கி 10 லட்சம் போட்டோம். அதுவரை அந்தக் கணக்கில் ஓய்வூதியம் மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு வரி அறிக்கையில் தனியாகத் தெரிந்தது. அண்ணி பேரனுக்குத் தைத்த சட்டைகளை மறுபடி அலுமாரியில் எடுத்து வைத்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த முறை ஆறு மாதக் கணக்கை உள்ளது உள்ளபடியே கொடுத்தோம், செலவைப் பிள்ளை ஏற்கிறார் என்று ஆதாரத்தோடு காட்டினோம், முன்பு மறுக்கப்பட்டதையும் ஒளிக்காமல் எழுதினோம். விசா குத்தி வந்தது.

ஒளிப்பதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். முகவர் ஒருவர் "அதை எழுதாதீங்கோ" என்றால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள். பொய்த் தகவல் கொடுத்தது உறுதியானால் கனடாவுக்கு 5 வருடம் போகமுடியாது. பிரித்தானியாவில் அந்தத் தடை 10 வருடம் வரை போகும். தண்டனை முகவருக்கு இல்லை, அம்மாவுக்கு.

கனடாவில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் உள்ளவர்களுக்கு 'சூப்பர் விசா' என்று ஒன்று இருக்கிறது. சாதாரண வருகை விசாவில் வழக்கமாக 6 மாதம் நிற்கலாம்; இதில் ஒரே தடவையில் 5 வருடம் வரை. ஆனால் அழைக்கும் பிள்ளை குறிப்பிட்ட வருமானம் காட்டவேண்டும், அம்மாவுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு, குறைந்தது ஒரு வருடத்துக்கு 1,00,000 கனேடிய டொலர் மருத்துவக் காப்புறுதியும் எடுக்கவேண்டும். வயதானவர்களுக்கு அந்தக் காப்புறுதி மலிவாக வராது. இரண்டு மாதத்துக்குத்தான் போகிறீர்கள் என்றால் சாதாரண விசாவே போதும் என்பது என் அபிப்பிராயம்.

விரல் அடையாளம் கொடுக்கப் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் போகவேண்டும். இராப் பேருந்தில் போய், நித்திரை இல்லாத கண்ணோடு வரிசையில் நிற்கவேண்டாம். முடிந்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள். மருதாணி வேண்டாம், விரல் நுனியில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறவிட்டுப் போங்கள். கனடாவுக்குக் கொடுத்த விரல் அடையாளம் 10 வருடத்துக்குச் செல்லும், அடுத்த பயணத்துக்குத் திரும்பக் கொடுக்கத் தேவையில்லை.

அப்புறம், விசா கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அழைப்புக் கடிதத்தை மிளகாய்த்தூளோடும் பலகாரத்தோடும் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். இறங்குகிற விமான நிலையத்திலும் எங்கே போகிறீர்கள், எத்தனை நாள் என்று கேட்பார்கள். பெட்டி அப்போது உங்கள் கையில் இருக்காது. கடிதம், திரும்பும் டிக்கெட், மகளின் விலாசமும் தொலைபேசி இலக்கமும் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு தாள், இவை மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.