குரங்கும் குருவியும் குழந்தையின் காதும்

தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, வரவேற்புரையில் என்னை அளவுக்கு மீறிப் பாராட்டிய செயலாளர் அவர்களே, கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

பிரேசில் காட்டின் சின்னக் குரங்கான மார்மோசெட்டையும், ஆஸ்திரேலியாவின் பாட்டுக் குருவியான ஸீப்ரா ஃபிஞ்சையும் ஒப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். தொண்டை, காது, மூளை என்று மூன்றாகப் பார்ப்போம்.

தொண்டை: குரங்குக்கு நம்மைப் போலக் குரல்வளை, குருவிக்கு மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் தனி உறுப்பு. சரி, காதுக்கு வருவோம். சங்கதியே அங்கேதான்.

இந்தக் குருவியில் ஆண் மட்டுமே பாடும். குஞ்சு அப்பன் பாட்டை மனத்தில் வாங்கி, அப்புறம் முணுமுணுத்துப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். ஏறத்தாழ 90 நாளில் பாட்டு படிந்துவிடும், ஆயுசுக்கும் அதுதான். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

கிளாஸ் இம்மெல்மன் என்ற ஜெர்மானிய அறிஞர் 1969-இல் எழுதியதைக் கேளுங்கள். ஸீப்ரா ஃபிஞ்ச் குஞ்சுகளை பெங்கலீஸ் ஃபிஞ்ச் என்ற வேறொரு இனக் குருவியிடம் வளர்க்கவிட்டார். அந்த வளர்ப்புத் தகப்பன் இரை ஊட்டியது, பாடியது. அதே அறையில் சொந்த இனத்து ஆண்களும் காதில் விழும்படி பாடிக்கொண்டுதான் இருந்தன. குஞ்சு வளர்ந்து வாய் திறந்தது. வந்தது யார் பாட்டு? சொந்த இனத்துப் பாட்டா? இல்லை ஐயா, வளர்த்தவன் பாட்டு! ரத்தம் ஒன்று, ராகம் வேறு!

மார்மோசெட் குட்டிக்கு அழைப்பொலி பெரும்பாலும் பிறவியிலேயே உண்டு. பெற்றோர் பதில் குரல் கொடுத்தால் அது சீக்கிரம் பக்குவப்படும் என்று 2015-இல் வந்த ஆய்வு சொல்கிறது.

நம் பிள்ளை? பேச்சு விஷயத்தில் அது குருவிக் கட்சி. காதில் விழாத மொழி வாயில் எப்படி வரும்? காது கேளாத குழந்தையைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. இரண்டு வயதில் பேச்சு வரவில்லை என்று தேடும்போது பொன்னான காலம் போயிருக்கும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

மூளையைப் பிறகொரு நாள் பேசலாம். எனக்கு வேண்டியது இதுதான்: பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் செவித்திறன் சோதனை. தூங்கும் பிள்ளையின் காதில் மெத்தென்ற சிறு முனையை வைத்து மெல்லிய ஒலி விடுவார்கள்; உள்காது திருப்பி அனுப்பும் ஒலியைக் கருவி பதியும். வலி இல்லை, ஊசி இல்லை. 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சை. கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. தலைவர் ஐயா முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைக்க வேண்டுகிறேன்.