அளந்தவர் வாயை அடைக்காதீர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் மாணவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

காலநிலை மாற்ற விவாதத்தில் விண்வெளி நிறுவனத்தின் வேலை அளந்து கொடுப்பதோடு முடிகிறதா, இல்லை மக்களுக்கு விளக்கிச் சொல்வதும் அதன் வேலையா? இதுதான் தலைப்பு. விளக்குவதும் அதன் வேலைதான் என்று பேச வந்திருக்கிறேன். நாசாவை வைத்தே பேசுகிறேன், ஏனென்றால் இந்தச் சண்டை வெளிப்படையாக நடந்த இடம் அது, எதிரணியும் அங்கிருந்துதான் உதாரணங்களை எடுத்தார்கள்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா ஒரு கடிதத்தைப் பற்றிச் சொன்னார். 2012-ல் நாசாவின் முன்னாள் ஊழியர்கள் 49 பேர் சேர்ந்து அன்றைய நிர்வாகி சார்லஸ் போல்டனுக்கு எழுதிய கடிதம் அது. நிலவில் கால் வைத்த ஹாரிசன் ஷ்மிட்கூட அதில் கையெழுத்திட்டிருந்தார். கார்பன் டை ஆக்சைடுதான் பருவநிலையைக் கெடுக்கிறது என்ற நிரூபணமாகாத பேச்சை நாசா தன் வெளியீடுகளிலும் வலைத்தளத்திலும் நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். சரி, கடிதம் உண்மை. ஆனால் நாசா அனுப்பிய பதிலை அக்கா சொல்லவில்லை. தலைமை விஞ்ஞானியாக இருந்த வலீத் அப்தலாத்தி, எங்கள் விஞ்ஞானிகள் சொன்ன முடிவில் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் ஆய்விதழிலோ பொதுமேடையிலோ வந்து வாதாடுங்கள், பேச்சைக் கட்டுப்படுத்தச் சொல்லாதீர்கள் என்ற பொருளில் பதில் கொடுத்தார். நான் இங்கே நிற்பதும் அதே பக்கத்தில்தான். 49 பேருக்கும் பேச உரிமை இருக்கிறது, நாசா விஞ்ஞானிக்கும் இருக்கிறது. ஒருவர் பேசுவதால் இன்னொருவர் பேசக் கூடாது என்பதை மட்டும் ஏற்க முடியாது.

அக்கா இன்னொன்றும் சொன்னார், கைதட்டலும் வாங்கினார்: "ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அளவைத்தான் எழுதித் தருவார்கள், வைத்தியம் சொல்ல மாட்டார்கள்" என்று. அந்த ரிப்போர்ட்டை வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்கள். சர்க்கரை அளவுக்குப் பக்கத்திலேயே, சாதாரணமாக எவ்வளவு இருக்க வேண்டும் என்று அச்சடித்திருப்பார்கள். அளவு எகிறியிருந்தால் எண்ணைத் தடித்த எழுத்தில் போடுவார்கள், ரொம்ப மோசமாக இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள் என்று போன் செய்தும் சொல்வார்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான். மருந்துச் சீட்டு எழுத நாசாவை நாங்கள் கூப்பிடவில்லை. நிலக்கரிக்கு எவ்வளவு வரி, எந்த மின்நிலையத்தை மூடுவது என்பதெல்லாம் மக்களும் அவர்களின் பிரதிநிதிகளும் முடிவு செய்ய வேண்டியவை. ஆனால் அளவு எகிறிவிட்டது, காரணம் இது என்று சொல்லும் பொறுப்பு அளந்தவனுக்கு இருக்கிறது.

வெறும் எண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 1992-ல் நாசாவும் பிரான்ஸின் விண்வெளி நிறுவனமும் சேர்ந்து டோபெக்ஸ்/பொசைடன் செயற்கைக்கோளை ஏவின. பூமிக்கு மேலே 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ரேடார் அலையை அனுப்பி, கடல் பரப்பில் பட்டு அது திரும்பி வரும் நேரத்தை வைத்துக் கடல் மட்டத்தைக் கணக்கிடும் கருவி. அதன் வாரிசுகளாக ஜேசன் வரிசை, அப்புறம் 2020-ல் சென்டினல்-6 என்று அளவை விட்டுப்போகாமல் தொடர்கிறது. 1993-லிருந்து உலகக் கடல் மட்டம் சராசரியாகச் சுமார் 10 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. பத்து சென்டிமீட்டர்தானே என்று கேட்டுவிட்டு யாரும் போய்விடலாம். உயரும் வேகமே அந்த முப்பது ஆண்டுகளில் இரண்டு மடங்காகியிருக்கிறது என்பதையும், நீர் சூடேறி விரிவதும் நிலத்தின் மேல் இருந்த பனி உருகி வந்து சேர்வதும்தான் காரணம் என்பதையும் ஒருவர் சொன்னால்தான் அந்தப் பத்துக்குப் பொருள் வரும். யார் சொல்வது? முப்பது வருடம் அந்த ரேடாரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொல்லக் கூடாது, தொலைக்காட்சி விவாதத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்லலாம் என்றால், அது என்ன நியாயம்?

நடுவர் அவர்களே, எதிரணி கேட்கும் ஏற்பாடு ஏற்கெனவே ஒருமுறை நடந்து பார்த்த ஏற்பாடு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் நாசாவின் கொடார்ட் விண்வெளி ஆய்வுக் கழகத்தை 1981 முதல் 2013 வரை நடத்தியவர் ஜேம்ஸ் ஹேன்சன். 1988 ஜூன் 23 அன்று அமெரிக்க செனட் குழுவின் முன்னால், இந்த வெப்பமேறல் இயற்கையான ஏற்ற இறக்கம் இல்லை என்பதில் 99 சதவீதம் உறுதி என்று சொன்னவர். அவர் 2005 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் உரை ஆற்றினார், பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் வெளியேற்றத்தைச் சீக்கிரம் குறைக்க வேண்டும் என்றார். அதன் பிறகு தலைமையகத்தின் மக்கள் தொடர்புப் பிரிவிலிருந்து உத்தரவுகள் வந்தன: உரைகள், கட்டுரைகள், வலைத்தளப் பதிவுகள், பேட்டிக் கோரிக்கைகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே எங்களிடம் காட்டு என்று. வானொலிப் பேட்டி ஒன்றைத் தடுத்தவர் 24 வயது அரசியல் நியமன அதிகாரி. 2006 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸில் இது வெளிவந்தது, சில நாட்களிலேயே அந்த அதிகாரி பதவி விலகினார், விஞ்ஞானிகள் பேசலாம் என்று நாசா நிர்வாகி அறிக்கை விட வேண்டி வந்தது.

விஷயம் அங்கே முடியவில்லை. நாசாவின் சொந்தத் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் விசாரித்து 2008 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 2004 இலையுதிர்காலம் முதல் 2006 தொடக்கம் வரை, தலைமையக மக்கள் தொடர்புப் பிரிவு பொதுமக்களுக்குப் போய்ச் சேர வேண்டிய காலநிலை அறிவியலைக் குறைத்தும் ஓரங்கட்டியும் திரித்தும் கையாண்டது என்று அது எழுதியது. அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது, எதிரணி இதைக் கவனிக்க வேண்டும்: ஆய்விதழ்கள் போன்ற மற்ற வழிகளில் ஆய்வு முடிவுகள் பொதுவாகத் தடையில்லாமலே போய்க்கொண்டிருந்தன. அதாவது அளவுக்குக் குறை இல்லை, கட்டுரைக்குக் குறை இல்லை, மக்களிடம் பேசுவது மட்டும்தான் தடைபட்டது. அக்கா கனவு காணும் ஏற்பாடு அப்படியே அதுதான்! அதைச் சட்டத்தின் நோக்கத்துக்குப் பொருந்தாத செயல் என்று அந்த அலுவலகமே சொன்னது. எந்தச் சட்டம்? 1958-ல் நாசாவைப் பிறப்பித்த சட்டம். வளிமண்டலத்தையும் விண்வெளியையும் பற்றிய மனித அறிவை விரிவாக்குவது நாசாவின் நோக்கம் என்றும், தன் பணிகளையும் அவற்றின் முடிவுகளையும் பற்றிய தகவலை முடிந்த அளவு பரவலாகக் கொண்டுசேர்க்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. வளிமண்டலம் என்ற சொல் முதலில் வருகிறது, விண்வெளி அப்புறம்தான் வருகிறது.

இனி, நாசா ஒரு பக்கத்துக்கே பேசுகிறது என்ற குற்றச்சாட்டு. எதிரணியில் முதலில் பேசிய அண்ணன் இதைத்தான் அழுத்தமாகச் சொன்னார். அண்ணனுக்கு 2015 அக்டோபரில் வந்த ஒரு செய்தியை நினைவுபடுத்துகிறேன். நாசா விஞ்ஞானி ஜே ஸ்வாலியும் அவர் குழுவும் அண்டார்டிகாவில் பனி இழப்பைவிடச் சேர்மானம் அதிகம் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள்: 1992 முதல் 2001 வரை ஆண்டுக்கு 11,200 கோடி டன் நிகர லாபம், 2003 முதல் 2008 வரை 8,200 கோடி டன். ஐ.நா. காலநிலைக் குழுவின் 2013 அறிக்கைக்கு நேர் எதிரான முடிவு. நாசா இதை ஒளித்துவைக்கவில்லை, தானே செய்திக்குறிப்பு வெளியிட்டு ஊருக்கெல்லாம் சொன்னது. காலநிலை மாற்றமே பொய் என்பவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆனால் அதே செய்திக்குறிப்பில், அண்டார்டிகா தீபகற்பத்திலும் மேற்கே பைன் தீவு, த்வைட்ஸ் பனிப்பாறைகளிலும் இழப்பு நடப்பது உண்மை, சில பத்தாண்டுகளில் இந்த லாபம் நஷ்டமாக மாறக்கூடும் என்பதும் இருந்தது. தலைப்பை மட்டும் படித்தவர்களுக்கு அது தெரியவில்லை. பிறகு 2018-ல் நாசாவும் ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் துணைநின்று நடத்திய பெரிய கூட்டு ஆய்வு, பல செயற்கைக்கோள்களின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்து, 1992 முதல் 2017 வரை அண்டார்டிகா சுமார் 2.7 லட்சம் கோடி டன் பனியை இழந்திருக்கிறது என்றது. அதையும் நாசா சொன்னது. தனக்கு வசதியானதை மட்டும் சொல்லும் நிறுவனம் 2015-ல் வாயைத் திறந்திருக்குமா? ஸ்வாலியின் கட்டுரை தவறாகப் பயன்பட்டதற்கு மருந்து, அவரை இன்னும் விளக்கமாகப் பேச விடுவதுதான். குறைவாகப் பேசியிருந்தால் வெறும் தலைப்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

தவறு செய்ததும் உண்டு. 2007-ல் கனடாவைச் சேர்ந்த ஸ்டீவ் மெக்கின்டயர், நாசாவின் கணக்கை விடாமல் விமர்சித்து வந்தவர், அமெரிக்க வெப்பநிலைப் பட்டியலில் 2000-க்குப் பிறகு ஒரு பிழை இருக்கிறது என்று கண்டுபிடித்தார். நாசா திருத்தியது. அமெரிக்காவின் மிக வெப்பமான ஆண்டுகள் வரிசையில் 1934, 1998-ஐ மிக மெல்லிய வித்தியாசத்தில் முந்தியது. உலகச் சராசரியில் மாற்றம் இல்லையென்றே சொல்லலாம், ஏனென்றால் அலாஸ்காவும் ஹவாயும் இல்லாத அமெரிக்கா பூமிப்பரப்பில் இரண்டு சதவீதம்கூட இல்லை. நிறுவனம் பொதுவெளியில் பேசியதால்தான், பட்டியலை எல்லார் கண்ணிலும் படும்படி வைத்ததால்தான், வெளியாள் ஒருவரால் அந்தப் பிழையைப் பிடிக்க முடிந்தது.

ஹேன்சன் போராட்டத்தில் கைதானாரே என்று அண்ணன் கேட்டார். ஆமாம், 2009-ல் மேற்கு வர்ஜீனியாவில் மலையை வெட்டி நிலக்கரி எடுப்பதை எதிர்த்து நின்று கைதானார். குடிமகனாகப் போனார், அந்த விலையையும் தானே கொடுத்தார். நாசா பதாகை பிடிக்க வேண்டும் என்று எங்கள் அணியில் ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியாக எதிரணியின் பயம். பேசினால் அரசியல் கோபம் வரும், பணத்தை வெட்டுவார்கள், கருவிகளே போய்விடும், அதனால் பேசாமல் அளந்துகொண்டிருந்தால் போதும் என்கிறார்கள். இந்தப் பயத்தை நான் அலட்சியமாகப் பேசப் போவதில்லை, அது நல்ல மனதிலிருந்து வருகிறது. ஆனால் நடந்ததைப் பாருங்கள். அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர் 1998-ல் முன்மொழிந்த, பூமியைப் பார்க்கும் செயற்கைக்கோள் ஒன்று கட்டி முடித்த பிறகும் பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்து 2015-ல்தான் மேலே போனது. அது வாயே திறக்காத கருவி. கார்பன் டை ஆக்சைடை அளக்கும் ஓசிஓ என்ற கருவி 2009 பிப்ரவரியில் ராக்கெட்டின் மூடி கழலாததால் கடலில் விழுந்தது, மறுபடி கட்டி 2014 ஜூலையில் ஓசிஓ-2 என்று அனுப்பினார்கள், 2019-ல் ஓசிஓ-3 விண்வெளி நிலையத்துக்குப் போனது. இரண்டும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தபோது, 2025-ல் வந்த வெள்ளை மாளிகை பட்ஜெட் முன்மொழிவு இரண்டையும் நிறுத்தச் சொன்னது. எந்த உரையும் ஆற்றாத, எந்தப் பேட்டியும் கொடுக்காத, காற்றில் ஒரு வாயு எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கருவிகள் அவை. அவற்றை நிறுத்தாதே என்று குரல் கொடுக்க வேண்டியவர்கள் வரி கட்டும் மக்கள். அந்தக் கருவி எதற்கு என்றே யாரும் அவர்களிடம் சொல்லியிருக்காவிட்டால் அவர்கள் எதை வைத்துக் குரல் கொடுப்பார்கள்? எதிரணியில் அடுத்து வருபவர் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.