புத்தகம் இருக்கிறது, பட்டியலில்தான் இல்லை

(மதுரையில் நூலகர் நாளன்று, நூலக அறிவியல் மாணவர்களிடையே ஆற்றிய உரை)

அவையோருக்கு வணக்கம்.

பாண்டித்துரைத் தேவர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மதுரைக்குச் சொற்பொழிவாற்ற வந்தவர், எடுத்துப் பார்க்கக் கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டார். ஊரில் கிடைக்கவில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அந்த வேதனையிலிருந்துதான் 1901-இல் நான்காம் தமிழ்ச் சங்கமும் அதனோடு பாண்டியன் புத்தகசாலையும் பிறந்தன என்று சொல்வார்கள். இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அன்றைக்கு மதுரையில் ஒரு குறள் பிரதிகூடவா இல்லாமல் இருந்திருக்கும்? மாசி வீதியில் யாரோ ஒருவர் வீட்டுப் பரணிலோ, ஒரு மடத்துப் பெட்டியிலோ இருந்திருக்கும். எங்கே இருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

நம்முடைய பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் இன்றைக்கு நடப்பதும் இதுதான். பல லட்சம் நூல்களை வைத்துக்கொண்டு, கேட்டு வந்த பிள்ளையை "இல்லை" என்று திருப்பி அனுப்புகிறோம்.

நான் வேலை பார்த்த ஒரு நூலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவி வந்தார். ஒப்பாரிப் பாடல்களைப் பற்றிய பழைய எம்.ஃபில். ஆய்வேடு ஒன்று அவருக்கு வேண்டும். கணினியில் தமிழில் 'ஒப்பாரி' என்று தட்டினார், ஒன்றும் வரவில்லை. ஆங்கில எழுத்தில் ஒரு 'பி' போட்டார், இரண்டு 'பி' போட்டார், 'ஏ'யை இரட்டித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்த பிள்ளை. "பரவாயில்லை சார்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. நூல்கள் வந்து சேர்ந்த வரிசையில் எழுதிவைத்த பழைய சேர்க்கைப் பதிவேடுகளை இறக்கி, ஆண்டுவாரியாக வரி வரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனோம். ஒன்றே கால் மணி நேரத்தில் கிடைத்தது. தலைப்பை யாரோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கணினியில் ஏற்றியிருந்தார்கள். 'ஒப்பாரி' என்ற சொல் அந்தப் பதிவில் எங்குமே இல்லை.

ஆய்வேடு அடுக்கில் பத்திரமாகத்தான் இருந்தது. தமிழ்த் தட்டச்சில் அடித்த கார்பன் நகல். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'லை'யும் 'னை'யும், கொம்பு வளைந்தபடி. மெய்யெழுத்துகளுக்கு மேலே புள்ளி விழாத இடங்களில் எல்லாம் மாணவரே நீல மையால் புள்ளி வைத்திருந்தார். கடைசி நான்கு பக்கங்களில் தகவலாளர் பட்டியல்: பாடிய பெண்களின் பெயர், வயது, ஊர். பெரும்பாலோருக்கு அப்போதே அறுபதுக்கு மேல். இன்று அவர்களுள் யாரும் இருக்க வாய்ப்பில்லை. அவர்கள் பாடியது அச்சாகவும் இல்லை. உலகத்தில் அந்தக் குரல்கள் மிச்சமிருப்பது அந்த மங்கிய கார்பன் தாளில்தான். அதைத்தான் நாங்கள் "இல்லை" என்று சொல்லவிருந்தோம்.

பல்கலைக்கழக நூலகத்துக்கும் மற்ற நூலகத்துக்கும் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இந்த ஊருக்குப் பெரிய வரம். அதை நிரப்பும் பிள்ளைகளைப் பார்க்கும்போது வயிறு குளிர்கிறது. ஆனால் கடையில் விலைக்குக் கிடைக்கும் நூலை எந்த நூலகமும் வாங்கலாம். ஆய்வேடு, நின்றுபோன சிற்றிதழின் பழைய தொகுதி, ஒரு பேராசிரியர் தம் ஆயுளெல்லாம் சேர்த்துக் கொடுத்த நூல்கள் ஆகியவற்றைக் காப்பாற்றுவது பல்கலைக்கழகத்தின் கடமை. அதைச் செய்ய வேறு ஆள் கிடையாது.

வசதிகள் கூடவில்லை என்று சொல்லமாட்டேன். முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் தரவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதி செய்தது. அந்த ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் இன்று லட்சக்கணக்கான ஆய்வேடுகளை வீட்டிலிருந்தே படிக்கலாம். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அரசு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 2025 முதல் சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. இதழ்ச் சந்தாவுக்குப் பணம் இல்லாமல் வேதியியல் துறையும் இயற்பியல் துறையும் எங்களோடு மல்லுக்கு நின்ற காலத்தைப் பார்த்தவன் நான். இது சிறிய காரியம் இல்லை. ஆனாலும் ஒப்பாரியைத் தேடி வந்த பிள்ளைக்கு அந்த 13,000 இதழ்களில் என்ன கிடைக்கும்? அவருக்கு வேண்டியது நம் அடுக்கில்தான் இருக்கிறது.

இனி பெயர்ச் சிக்கலுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

மதுரை காமராசர் பல்கலைக்கழக நூலகம் தெ.பொ.மீ. பெயரைத் தாங்கி நிற்கிறது. 1966-இல் பல்கலைக்கழகம் தொடங்கியபோது முதல் துணைவேந்தர் அவர். அவர் நூலைத் தேடும் மாணவர் 'தெ.பொ.மீ.' என்று தட்டுவார். நூலின் முகப்பில் 'தெ.பொ. மீனாட்சிசுந்தரம்' இருக்கும், இன்னொன்றில் 'மீனாட்சிசுந்தரனார்' இருக்கும், ஆங்கில நூலில் டி.பி. என்று முன்னெழுத்தே மாறியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அதே வரிசையில் வந்து கலந்துவிடுவார். அடுத்த துணைவேந்தர் மு.வ.; அவருக்கும் 'வரதராசன்', 'வரதராசனார்', 'வரதராஜன்' என்று மூன்று பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்தை முன்னே வைப்பதா பின்னே வைப்பதா என்பதில்கூட ஆளுக்கு ஒரு வழக்கம். சிலப்பதிகாரத்தை ரோமன் எழுத்தில் ஒருவர் 'எஸ்' போட்டு ஏற்றுவார், ஒருவர் 'சி', ஒருவர் 'சிஎச்'. மூன்று பதிவும் ஒன்றையொன்று அறியாது.

எந்தப் பெயரில் தேடினாலும் எல்லா நூலும் வந்து நிற்கும்படி பெயர்களை ஒன்றோடொன்று கோத்துவைப்பதுதான் பட்டியலாளரின் வேலை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தவர். 1931-இல் அவர் நூலகங்களுக்காக எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. 1934-இல் பட்டியலிடுவதற்கென்றே தனியாக ஒரு விதிநூலும் எழுதினார். அவர் பிறந்த மண்ணில் இன்று பட்டியலாளர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்புவதில்லை. தமிழ் தெரியாத ஒப்பந்த நிறுவனத்திடம், நூலுக்கு இத்தனை ரூபாய் என்று பதிவேற்றத்தை விட்டுவிடுகிறோம்.

ஒரு நூலகத்தில் தொண்ணூறுகளில் அரும்பாடுபட்டுத் தமிழிலேயே பதிவேற்றினார்கள். அதற்கென்று ஒரு தனி எழுத்துரு. மென்பொருளை மாற்றிய அன்று திரையில் வெறும் கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான் வந்தன. பல ஆண்டு உழைப்பு. அதற்குச் சற்று முன்புதான் நூல் விவரம் எழுதிய பட்டியல் அட்டைகளைப் பெட்டியோடு பழைய சாமான் என்று எடைக்குப் போட்டிருந்தார்கள். இன்றைக்கு எல்லாக் கணினியிலும் தமிழ் ஒரேபோல் தெரியும் ஒருங்குறி (யூனிகோட்) வந்துவிட்டது, கோஹா போன்ற நூலக மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழில் தேடத் தடை ஏதுமில்லை. நூலைக் கையில் எடுத்து, புரட்டி, இது எதைப் பற்றியது என்று தமிழில் எழுதத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

அடுக்கைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் ஆங்கில இலக்கியத்துக்கு 820, ஜெர்மனுக்கு 830, பிரெஞ்சுக்கு 840. தமிழுக்கு 894.811. அந்த நீண்ட எண்ணை ஒல்லியான கவிதை நூலின் முதுகில் ஒட்ட இடம் போதாது. சீட்டு அட்டைப் பக்கம் மடிந்துவிடும். பசை காய்ந்ததும் விழுந்துவிடும். அடுக்குபவர் எண்ணைப் பார்க்க முடியாமல் கிடைத்த இடத்தில் செருகுவார். பல லட்சம் நூல்களுக்கு நடுவே இடம் மாறிய நூல் தொலைந்த நூல்தான். அதனால் அடுக்கைச் சரிபார்க்கும் ஊழியரை எடுபிடி ஆளாக நடத்தாதீர்கள். சித்திரை வெயிலில், மின்விசிறி எட்டாத அடுக்குகளுக்கு நடுவே நின்று அவர் செய்யும் வேலை இல்லாவிட்டால் உங்கள் கணினிப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை.

உங்களுக்குக் காட்ட ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். எடைக்குப் போகவிருந்த பெட்டியிலிருந்து நான் எடுத்துவைத்த அட்டை. ஐந்துக்கு மூன்று அங்குலம். கீழே கம்பி கோக்கும் துளை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த பட்டியலாளரின் கையெழுத்து. 'வரதராசனார், மு. காண்க: வரதராசன், மு.' என்று மையால் எழுதியிருக்கிறார். பின்பக்கம் பென்சிலில், வாசகர்கள் எந்தெந்தப் பெயரில் வந்து கேட்டார்களோ அத்தனையையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறித்திருக்கிறார்: மு.வ., மு.வரதராஜன், டாக்டர் மு.வ., வரதராசன் ஐயா. ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு சிறிய சரி அடையாளம் இருக்கிறது. அந்தப் பெயருக்கும் தனி அட்டை எழுதிவைத்துவிட்டார் என்று பொருள். கைமாற்றிப் பாருங்கள், ஓரம் பொடிகிறது, மெதுவாகப் பிடியுங்கள்.