நேபாளத்தில் மன்னர் போன பிறகு

நேயர்களுக்கு வணக்கம். முடியாட்சிக்கு எதிரான மக்கள் புரட்சி என்றதும் பாரிஸுக்கும் பெட்ரோகிராடுக்கும்தான் நம் நினைவு ஓடுகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2006 ஏப்ரலில் நேபாளத்தில் 19 நாள் நடந்த போராட்டத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்தப் புரட்சியைக் கட்சிகள் நடத்தின, மாவோயிஸ்டுகள் நடத்தினார்கள் என்றெல்லாம் சொல்வார்கள். சரிதான். ஆனால் அவர்களை ஒரே பக்கம் கொண்டுவந்து நிறுத்தியவர் மன்னர் ஞானேந்திராவே என்பது என் கணிப்பு.

1990இலும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பல கட்சி ஆட்சி வேண்டும் என்று கேட்டார்கள். அன்றைய மன்னர் பீரேந்திரா இறங்கிவந்தார், அரியணை பிழைத்தது. அப்புறம் வந்த கட்சிகள் காத்மாண்டுவில் நாற்காலிச் சண்டையில் மூழ்கின. மலைக் கிராமங்களுக்குச் சாலையும் வரவில்லை, நிலமும் வரவில்லை. சாதி இழிவு அப்படியே இருந்தது. 1996 பிப்ரவரியில் ரோல்பா, ருக்கும் பகுதிகளில் மாவோயிஸ்டுகள் ஆயுதம் எடுத்தார்கள். பத்தாண்டுப் போரில் ஏறத்தாழ 17,000 பேர் மாண்டார்கள்.

இதற்கிடையில் 2001 ஜூன் 1 அன்று அரண்மனைக்குள்ளேயே துப்பாக்கி வெடித்தது. பீரேந்திராவும் அரசியும் பிள்ளைகளும் உறவினர்களும் இறந்தார்கள். பட்டத்து இளவரசர் தீபேந்திராதான் சுட்டார் என்றது விசாரணைக் குழு. ஜனங்கள் நம்பவில்லை. அன்று ஊரில் இல்லாத, பீரேந்திராவின் தம்பி ஞானேந்திரா முடிசூடியதை அவர்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். அந்தச் சந்தேகத்துக்கு இதுவரை ஆதாரம் எதுவும் வெளிவந்ததில்லை. என்றாலும் மன்னரை விஷ்ணுவின் அவதாரமாக வணங்கிய பழைய பக்தி அதோடு கரையத் தொடங்கியது.

திறமையில்லாதவர் என்று சொல்லிப் பிரதமர் தேவுபாவை 2002இல் நீக்கினார் ஞானேந்திரா. பிறகு அவரையே திரும்ப நியமித்து, 2005 பிப்ரவரி 1 அன்று மறுபடியும் நீக்கிவிட்டு ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அன்றைக்குத் தொலைபேசி, செல்பேசி, இணையம் எல்லாம் துண்டிக்கப்பட்டன. தலைவர்கள் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்கள். பத்திரிகை அலுவலகங்களுக்குள் சிப்பாய்கள் வந்து உட்கார்ந்தார்கள். எஃப்.எம். நிலையங்கள் செய்தி வாசிக்கக் கூடாது, பாட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு. சில ஊர்களில் வானொலிக்காரர்கள் ஒலிபெருக்கியோடு தெருவில் நின்று செய்தி வாசித்தார்கள். ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

அதுவரை நாடாளுமன்றக் கட்சிகளுக்கு மாவோயிஸ்டுகளும் எதிரி, அரண்மனையும் இடைஞ்சல். நடுவில் நின்றவர்களையே சிறைக்கு அனுப்பியதும் அவர்களுக்குப் போக்கிடம் ஒன்றுதான் மிஞ்சியது. 2005 நவம்பரில் ஏழு கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் டெல்லியில் வைத்து 12 அம்ச உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

2006 ஏப்ரல் 6 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. நகருக்குள் ஊரடங்கு. கண்டதும் சுட உத்தரவு. கூட்டம் என்ன செய்தது தெரியுமா? காத்மாண்டுவைச் சுற்றி 27 கிலோமீட்டருக்கு ஓடுகிறதே ரிங் ரோடு, அதில் போய்த் திரண்டது. கலங்கி, கோங்கபு, சாபஹில் என்று ஒவ்வொரு சந்திப்பிலும் ஆயிரக்கணக்கில் ஆட்கள். வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், அரசு ஊழியர்கள்கூட வந்துவிட்டார்கள். ஏப்ரல் 20 அன்று கலங்கியில் துப்பாக்கிச்சூடு நடந்தது. போராட்டம் முழுவதிலும் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஏப்ரல் 21 அன்று மன்னர், பிரதமரை நீங்களே சொல்லுங்கள் என்று கட்சிகளிடம் சொன்னார். ஒரு வருடம் முன்னால் சொல்லியிருந்தால் கட்சிகள் ஏற்றிருக்கும். ஏப்ரல் 24 நள்ளிரவை ஒட்டி, கலைக்கப்பட்ட நாடாளுமன்றத்தைத் திரும்பக் கூட்டுவதாக அறிவித்தார்.

நவம்பரில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகிப் போர் முடிந்தது. 2008 மே 28 அன்று அரசியல் நிர்ணய சபை முடியாட்சியை ஒழித்தது. ஆதரவு 560, எதிர்ப்பு வெறும் 4. ஜூன் 11 அன்று ஞானேந்திரா நாராயண்ஹிட்டி அரண்மனையை விட்டு வெளியேறி நாகார்ஜுன் காட்டு மாளிகைக்குக் குடிபோனார். தலையையும் யாரும் வெட்டவில்லை, நாடும் கடத்தவில்லை. அரண்மனை அருங்காட்சியகமானது.

இனி மறுபக்கம். அரசமைப்புச் சட்டம் எழுத இரண்டு சபைகளும் ஏழு ஆண்டுகளும் தேவைப்பட்டன. 2015 செப்டம்பரில் அது வந்தபோது இந்திய எல்லையை ஒட்டிய தராய் சமவெளியில் வாழும் மாதேசி மக்கள் தங்களை ஓரங்கட்டிவிட்டதாகக் கொதித்தெழுந்தார்கள். எல்லையில் சரக்கு லாரிகள் மாதக்கணக்கில் நின்றன. போரில் காணாமல்போனவர்களின் குடும்பங்கள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கின்றன. குற்றம் சாட்டப்பட்ட இரு தரப்பும் சேர்ந்து ஆண்டபோது விசாரணை எப்படி நகர்ந்திருக்கும்? ஓலி, பிரசண்டா, தேவுபா என்று பிரதமர் பதவி சில பேருக்குள்ளேயே சுற்றிவந்தது. இளைஞர்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் விமானம் ஏறினார்கள். அவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ கால்பங்கு.

இந்தச் சலிப்பில்தான் 2025 மார்ச்சில் ஞானேந்திராவை வரவேற்கக் காத்மாண்டு விமான நிலையத்தில் பெருங்கூட்டம் கூடியது. மன்னர் திரும்புவார் என்றுகூடப் பேசினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சமூக ஊடகத் தடை, ஊழல் இரண்டையும் எதிர்த்து இளைஞர்கள் கிளம்பினார்கள். முதல் நாளே 19 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் பிரதமர் ஓலி விலகினார். நாடாளுமன்றமும் தலைமைச் செயலகமான சிங்க தர்பாரும் எரிந்தன. அரியணை கேட்பார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். இணையத்தில் கூடி விவாதித்த இளைஞர்கள் முன்வைத்த பெயர், முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி. செப்டம்பர் 12 அன்று, தேர்தல் நடத்தும் பொறுப்போடு அவர் இடைக்காலப் பிரதமரானார். பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் குடியரசுத் தலைவர்.

நன்றி, வணக்கம்.