எச்சரிக்கை கேட்ட பின்னும் ஏன் தாமதம்?

நேயர்களுக்கு வணக்கம். புயலோ வெள்ளமோ வரப்போகிறது என்று அறிவித்த பிறகும் மக்கள் ஏன் உடனே பாதுகாப்பான இடத்துக்குச் செல்வதில்லை என்று கேட்டால், அலட்சியம் என்ற ஒரே சொல்லில் பலரும் விடை தந்துவிடுகிறார்கள். ஆய்வாளர்கள் கண்டது வேறு.

1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் நகரில் பெருகிய வெள்ளத்தின்போது குடும்பங்கள் எவ்வாறு நடந்துகொண்டன என்று சமூகவியலாளர் தாமஸ் டிராபெக் ஆராய்ந்தார். எச்சரிக்கையை முதலில் நம்பாத பலர், உறவினரிடமோ அக்கம்பக்கத்தாரிடமோ கேட்டு அதை உறுதிசெய்துகொள்ள முயன்றிருந்தனர். 2011ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், மிசூரி மாநிலத்தின் ஜோப்ளின் நகரில் 150க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட டொர்னேடோ என்னும் சுழல்காற்றுக்குப் பின் நடந்த விசாரணையிலும், அபாயச் சங்கு ஒலித்ததும் பாதுகாப்பான இடம் தேடாமல் வானத்தைப் பார்த்தும் தொலைக்காட்சியைப் போட்டும் இன்னொரு சான்றுக்காகப் பலர் காத்திருந்தது தெரியவந்தது. சங்கு ஒலித்தும் ஒன்றும் நேராத நாள்கள் பலவற்றைக் கண்டவர்கள் அவர்கள். (சன்னலை எட்டிப் பார்க்காமல் உள்ளே ஓடுபவர் நம்மில்தான் எத்தனை பேர்?)

இத்தகைய ஆய்வுகளில் பெரிய சிக்கல், கேள்வியை எப்போது கேட்பது என்பதே. பேரிடர் கடந்த பின் கேட்டால், நடந்து முடிந்ததை அறிந்த மனம் தன் பழைய அச்சத்தையும் அதற்கேற்பத் திருத்திச் சொல்கிறது. ‘புயல் வந்தால் வெளியேறுவீர்களா?’ என்று அமைதியான நாளில் கேட்டால் கிடைப்பது எண்ணமே. படுத்த படுக்கையாயிருக்கும் முதியவரை எப்படி அழைத்துச் செல்வது என்ற கவலை அந்த விடையில் இடம்பெறுவதில்லை. ஆகவே, 2012ஆம் ஆண்டு ஐசக், சாண்டி ஆகிய புயல்கள் அமெரிக்கக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தபோதே, கரையோர மக்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியது ஓர் ஆய்வுக் குழு. தங்கள் வீட்டைக் கடுங்காற்று தாக்கும் வாய்ப்பை அவர்கள் குறைத்து மதிப்பிடவில்லை. உண்மையில் மிகையாகவே மதிப்பிட்டிருந்தனர். ஆனால் பெரிய ஆபத்து காற்றிலிருந்தே வரும் என்று நினைத்தார்கள், நீரிலிருந்து வரும் என்று நினைக்கவில்லை. அதனால் உணவும் குடிநீரும் வாங்கி வைப்பதோடு பலரது ஆயத்தம் நின்றுவிட்டது. எச்சரிக்கை செவியை எட்டியிருந்தது, அச்சமும் இருந்தது. அந்த அச்சம் தவறான பக்கம் திரும்பியிருந்தது என்பதே இதில் நான் முக்கியமாகக் கருதும் செய்தி.

காற்றின் வேகத்தை மட்டும் சொல்லாமல், அதனால் விளையப்போவதையும் சொல்ல வேண்டும் என்று உலக வானிலை அமைப்பு 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. சொற்களைக் கடுமையாக்கினால் போதும் என்று இதற்குப் பொருள்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. நீர் எந்தத் தெரு வரை ஏறும், எத்தனை மணிக்குள் வெளியேற வேண்டும், எங்கே செல்ல வேண்டும் என்பவை தெளிவாக இருக்க வேண்டும். வானொலியில் கேட்டதைத் தொலைக்காட்சியிலும் ஊர் அதிகாரியிடமும் சரிபார்ப்பவருக்கு அதே விவரம் மாறாமல் கிடைக்க வேண்டும். அப்படிச் சரிபார்க்கச் செலவாகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டே, முதல் அறிவிப்பை எப்போது விடுப்பது என்று முடிவுசெய்ய வேண்டும்.